இணைக்கப்பட்டவை: 6

செவ்வாய்க்கிழமை இடி
செம்பனைக் காட்டைத் தாண்டி லாபிஸுக்குள் வந்து
எங்கள் ரௌட்டரை மட்டும் தேர்ந்தெடுத்தது.
டிவி பிழைத்தது. ஐஸ்பெட்டி பிழைத்தது.
சுவரோரம் பச்சைக் கண் சிமிட்டிய பெட்டி
கரிந்த பிளாஸ்டிக் வாடையோடு கிடந்தது.

போன் போட்டேன்.
ஆள் வர ஏழு வேலை நாள் என்றாள் ஒருத்தி,
'வேலை'யை அழுத்தி.

சரி, கைப்பேசி இருக்கிறதே.
ஹாட்ஸ்பாட்டைத் திறந்தேன்.
கவிஷா மடிக்கணினியில் புதுப்பெயரைத் தேடிப் பிடித்தாள்.
பிரிண்டருக்குப் பிடிபடவில்லை.
இரண்டு பொத்தான், ஒரு விளக்கு,
புதுப்பெயரைக் காதில் ஓதத் திரையே இல்லை அதற்கு.
வாசல் கேமராவோ என் மாமனார் மாதிரி,
பழைய பேரைச் சொன்னால்தான் திரும்பும்.

மூன்றாம் நாள் இரவு.
காலையில் கொடுக்க வேண்டிய இடுபணி, நாலு பக்கம்.
அணைத்துப் போட்டேன். மறக்கச் செய்து மறுபடி சேர்த்தேன்.
அலைவரிசையை ஐந்திலிருந்து
இரண்டு புள்ளி நாலுக்கு இறக்கினேன்.
ம்ஹூம்.

எண்ணெய் ஆலை எடைமேடையில்
பதினோரு வருஷம் லாரிகளோடு மல்லுக்கட்டியவள் நான்.
நகராததைப் பார்த்துக் கத்தக்கூடாது.
சக்கரம் எங்கே சிக்கியதென்று
குனிந்து பார்க்க வேண்டும்.

குனிந்து பார்த்ததில் தெரிந்தது:
பெட்டி செத்த சேதியே இவற்றுக்கு எட்டவில்லை.
ஒரு பெயருக்காக விழித்திருக்கின்றன,
அவ்வளவுதான்.

போனின் பெயரை அழித்துவிட்டுப்
பழைய பெயரை எழுதினேன்,
சின்ன எழுத்து பெரிய எழுத்து பிசகாமல்.
சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும் முன்
தனபாலன் வைத்த பெயர்: கடன்கேட்காதே.
கடவுச்சொல், அவருடைய பழைய மோட்டார் நம்பர்.

முதலில் பிரிண்டர் தொண்டையைச் செருமியது.
அப்புறம் கேமரா, டிவி, மடிக்கணினி,
சின்னவனின் டேப்.
ஏமாந்துதான் வந்தன,
ஆனாலும் வந்தன.
எண்ணினேன், ஐந்து.
திரை ஆறு என்றது.

ஆறாவதன் பெயர் ரெட்மி.
இந்த ஊரில் யாரிடம் இல்லை ரெட்மி?
மாதம் முப்பது ஜிபி,
ஓட்டைத் தொட்டியைக் காப்பதுபோல் காக்கிறேன்.
போனை ஏந்தி வாசலிறங்கினேன்.
வீட்டின் இணையமும்
செருப்பு மாட்டிக்கொண்டு கூடவே வந்தது.

கேட்டருகே ஐந்து.
சாக்கடைப் பாலத்தில் மூன்று.
"அம்மா, லைன்!" உள்ளேயிருந்து கவிஷா.
ஆ போங் கடையின் இறங்கிய ஷட்டர் முன்னால்
ஒன்று.
அந்த ஒன்று, நெருங்க நெருங்கத் தடித்தது.

பஸ் நிற்காத பஸ் ஸ்டாப்பில்
முழங்கால் வரை சேற்றுப் பூட்ஸோடு ஒருவன்.
குலை வெட்டும் ஆள், லொம்போக் பக்கமாக இருக்கலாம்.
அவன் உள்ளங்கைத் திரையில் ஒரு பிள்ளை
பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவிக் காட்டியது.
மூன்று நாள்
அந்தப் பல் இவனுக்குத் தெரியாமல் ஆடியிருக்கிறது.

பார்த்ததும் எழுந்தான். "மாஃப், காக்."
நம்பரை யார் கொடுத்தது என்று கேட்க வாயெடுத்தேன்.
தூணில் சாய்ந்து நின்றது
தனபாலன் விற்ற மோட்டார்,
எங்கள் கடவுச்சொல்லை
நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு,
தோட்டத்துச் செம்மண்ணோடு.

"டுடுக்லா" என்றேன்.
உட்காராமல் நின்றான். பிள்ளை என்னைக் கேட்டது,
யாரென்று போலும். என்னவோ சொன்னான்.
அது சிரித்தது.

போனைக் கையில் பிடித்தபடி
அங்கேயே நின்றேன்.
கொசு. பேட்டரி பத்தொன்பது.
வீட்டில் மூன்றாம் பக்கம்
பாதி வார்த்தையில்
நாக்கை நீட்டிக்கொண்டு நின்றிருக்கும்.